அஸ்வினுக்கு உரிய இடம்

திருப்பூருக்கு வடக்கே குன்னத்தூர் என்னும் ஊர் இருக்கிறது. பனியன் தொழிலால் வாழும் ஊர்களுள் அதுவும் ஒன்று. விடியற்காலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி வண்டிகள் இருட்டிய பின்னரே அவர்களை மீண்டும் கொண்டுவந்து இறக்கிவிடும். ஆதலால், நின்று பேச வாய்க்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. அன்று காலையில் தரிசாய்க் கிடக்கும் காட்டில் இளைஞர் கிரிக்கெட் ஆடுவர். மாலையில் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து அதைப் பற்றியே வாதாடுவர். ஆடுவதினும் வாதாடுவதில் வல்லவர் சிலர் உண்டு. இஃது எல்லா ஊர்க்கும் பொதுவான இயல்புதான்.

2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள், ஆஸ்திரேலிய நாட்டுப் பிரிஸ்பேன் நகரில் நடைபெற்ற டெஸ்ட் பந்தயம் முடிந்தவுடன், பன்னாட்டுக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக இரவிச்சந்திரன் அஸ்வின் அறிவித்தார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூரில் வேறு பேச்சு எழவில்லை. உலகின் சுழற்பந்து வீரர் வரிசையில் அவருக்கு உரிய இடம் யாது என்பதே வாதம். ஒரு பக்கம், பள்ளிக் குழுவில் பந்து வீசும் பேரன். மறுபக்கம், பின்னலாடை ஆலையில் நூல் பிரிவில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்த அவனுடைய அப்புச்சி. அவர் இளமையில் வானொலிப் பெட்டியின் அருகே காதை வைத்துப் பிரசன்னாவின் ஆட்டத்தைக் கேட்டவர்.

“அப்புச்சி, 106 பந்தயங்களில் 537 விக்கெட்டுங்க! விக்கெட் ஒன்றுக்குச் சராசரி 24 ஓட்டங்கள்தாம். பிரசன்னா எடுத்தவை 189. நம் வெங்கட்ராகவன் எடுத்தவை 156. இதற்கு மேல் என்னங்க வாதம்?” என்றான் பேரன்.

முதியவர் சிரித்தார். “கண்ணு, 30ஆம் நம்பர் நூல் பருமனா, 40ஆம் நம்பர் நூல் பருமனா?”

“முப்பதுதானுங்க.”

“நாற்பதுதானே பெரிய எண்?”

பேரன் விடை கூறவில்லை. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அத்தொகையே பருத்தி நூலின் எண். எண் ஏற ஏற நூல் மெலியும். அவ்வட்டாரத்தில் பிறந்த குழந்தைகளும் அறிந்த செய்தி இது. ஓர் எண்ணைக் கண்டு வியக்கும் முன்னர் அஃது எதனை அளக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே முதியவரின் கருத்து.

அவர் கேட்டது முறையான கேள்வியே. பிரசன்னா ஆடியவை 49 டெஸ்ட் பந்தயங்கள்தாம். 1967–68ஆம் ஆண்டுச் சுற்றுப் பயணத்தில், ஆஸ்திரேலியாவில் நான்கு பந்தயங்களில் 25 விக்கெட்டுகளும், நியூசிலாந்தில் நான்கு பந்தயங்களில் 24 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். வெளிநாட்டில் இந்தியா முதன்முதலாகத் தொடர் வென்றது அந்த நியூசிலாந்துப் பயணத்தில்தான். மேலும், அக்காலத்தில் மட்டையாளர் முன்காலை நீட்டிப் பந்தை மறித்தால், எல்.பி.டபிள்யூ. என்று நடுவர் தீர்ப்பளிப்பது அரிது. இன்றோ படக்கருவியின் துணையால் அத்தீர்ப்பை மறு ஆய்வு செய்யலாம். பிரசன்னாவுக்கு அத்துணை கிட்டவில்லை.

ஆயினும் இவ்வாதத்தையும் அளவுக்கு மேல் நீட்டுதல் கூடாது. தன் மண்ணில் நடைபெறும் தொடர்களில் இந்தியா அம்முறையை ஏற்றது 2016ஆம் ஆண்டு நவம்பரில். அதற்குள் அஸ்வின் 220 விக்கெட்டுகளை எடுத்துவிட்டார். பிரசன்னா 100 விக்கெட்டுகளை எட்ட 20 பந்தயங்கள் ஆயின. அஸ்வினுக்கு 18 போதுமாயிருந்தன.

முதியவரின் அடுத்த அம்பு கூரியது. “உள்ளூரில் புலி; வெளியூரில்?” என்றார். அஸ்வின் எடுத்தவற்றுள் 383 விக்கெட்டுகள் இந்திய மண்ணில் கிடைத்தவை. அயல்நாட்டில் அவர் சராசரி 30 ஓட்டங்களைத் தாண்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 40 விக்கெட்டுகளை எடுத்தார்; சராசரி 42க்கு மேல். இதனை மறைத்துப் பேசுவோர் அவருக்கு நன்மை செய்தவர் ஆகார்.

ஆனால் கண்டியில் மலையகத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய முத்தையா முரளிதரனைப் பாருங்கள். 133 பந்தயங்களில் 800 விக்கெட்டுகள் எடுத்து, 2010ஆம் ஆண்டு காலியில் விடைபெற்றவர் அவர். அவரும் இந்தியாவில் எடுத்தவை 40 விக்கெட்டுகளே. சராசரி 45க்கு மேல். ஒவ்வொரு பெருவீரனுக்கும் விளையாத நிலம் ஒன்று உண்டு போலும்! எனினும், வலிமை குன்றிய வங்காளதேசம், ஜிம்பாப்வே ஆகிய அணிகளை விலக்கிக் கணக்கிட்டாலும், முரளிதரனிடம் 624 விக்கெட்டுகள் எஞ்சுகின்றன. சராசரி 25க்குள் நிற்கிறது. முதலிடம் அவருக்கே. இதில் மொழிப்பற்றுக்கு இடமில்லை, இருவரும் தமிழரே.

அட்டவணையில் ஏறாத கணக்கு ஒன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த நான்கு பந்தயங்களிலும் அஸ்வின் வெளியே அமர்ந்திருந்தார். 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இலண்டன் ஓவல் திடலில் உலக டெஸ்ட் இறுதிப் பந்தயம் நடந்தபோது, பந்துவீச்சுத் தரவரிசையில் முதல்வர் அவரே. ஆயினும் அணியில் இடமில்லை. அவருடைய விக்கெட்டுகளில் ஏறத்தாழப் பாதி, இடக்கை மட்டையாளருடையவை. அப்பந்தயத்திலோ, இடக்கை ஆட்டக்காரராகிய டிராவிஸ் ஹெட் 163 ஓட்டங்கள் குவித்தார். ஆஸ்திரேலியா 209 ஓட்டங்களில் வென்றது. அஸ்வின் ஆடியிருப்பின் இந்தியா வென்றிருக்கும் என்று எவரும் சொல்ல இயலாது. வேகப்பந்துக்கு ஏற்ற ஆடுகளம் என்று எண்ணியோர்க்கும் காரணம் இருந்தது. ஆனால், அயல்நாட்டில் எடுக்கவில்லை என்று ஒருவர்மேல் குற்றம் சாட்டுவோர், எடுக்கும் வாய்ப்பு எத்துணை கிட்டிற்று என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விக்கெட்டுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த பேரன், அதுவரை மட்டையை மறந்தே போனான். அதனை நினைவூட்டியவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர். “சிட்னி ஆட்டத்தை விட்டுவிட்டீர்களே!” என்றார் அவர்.

2021ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள். சிட்னியில் பந்தயத்தின் கடைசி நாள். இந்தியா தோற்பது உறுதி என்றே பலரும் எண்ணினர். தொடையில் தசை பிடித்து ஓட மாட்டாத ஹனுமா விஹாரி ஒரு முனையில். முதுகு வலியால் குனியவும் இயலாத அஸ்வின் மறுமுனையில். பந்துகள் மார்பிலும் தோளிலும் விலாவிலும் தாக்கின. அஸ்வின் 128 பந்துகளைச் சந்தித்து 39 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த பந்தயத்தில், பிரிஸ்பேனில், அவர் காயத்தால் ஆடவில்லை. ஆயினும் இந்தியா வென்று தொடரையும் கைப்பற்றியது. சிட்னியில் அவர் நிலைத்து நிற்காவிடில் அவ்வெற்றிக்கு வழியேது?

அவர் டெஸ்ட் பந்தயங்களில் எடுத்த ஓட்டங்கள் 3503; சதங்கள் ஆறு. ஒரே பந்தயத்தில் சதமும் அடித்து, ஓர் ஆட்டத்தில் ஐந்து விக்கெட்டுகளும் எடுத்த அருமையை நான்கு முறை நிகழ்த்தியவர். அதனை அவரினும் மிகுதியாக, ஐந்து முறை செய்தவர் இங்கிலாந்தின் இயான் போத்தம் ஒருவரே. நான்காம் முறை, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையில் வாய்த்தது. வங்காளதேசத்துக்கு எதிராக இந்தியா 144 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை இழந்து தவித்தபோது களம் புகுந்து 113 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் இரண்டாம் ஆட்டத்தில் ஆறு பேரை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 38.

“அவர் விரலால் சொடுக்கி வீசும் பந்து, சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தால் பையன்கள் வீசும் சொடக்குப் பந்துதானுங்க. அதையே உலக அரங்குக்குக் கொண்டுபோனார்,” என்று பேரன் சேர்த்துக்கொண்டான். அது தரவரிசைக்கு உதவும் சான்று அன்று. ஆயினும் அதனைச் சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது.

நெடுநேரம் சிந்தித்த முதியவர், “முரளிக்கு அடுத்த பலகையில் பிரசன்னாவையும் அஸ்வினையும் சேர்ந்து உட்கார வைப்போம்,” என்றார். 1956இல் மான்செஸ்டரில் ஒரே பந்தயத்தில் 19 விக்கெட்டுகள் எடுத்த ஜிம் லேக்கருக்கு அப்பலகையில் இடம் உண்டா என்று கடைக்காரர் வினவினார். மழைக்கு மூடாத ஆடுகளங்களில் லேக்கர் வீசினார் என்பது மெய். 21 ஓட்டங்களாகிய அவருடைய சராசரியும் மெய். அவரை அஸ்வினுக்கு மேலே வைப்போரை எளிதில் மறுக்க முடியாது. ஆனால் மட்டையையும் நீண்ட உழைப்பையும் சேர்த்து நிறுத்தால், ஆப் ஸ்பின் வீசியோருள் இரண்டாம் இடம் அஸ்வினைச் சார்தலே பொருத்தம் எனத் தோன்றுகிறது.

பேரனுக்கோ பலகையைப் பகிர்வதிலும் உடன்பாடு இல்லை. “பிரசன்னா எத்தனை சதம் அடித்தாருங்க, அப்புச்சி?” என்று கேட்டான்.

முதியவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் பாத்திரத்தைப் பார்த்தார். “தேநீர் ஆறுகிறது. குடி, கண்ணு,” என்றார் முதியவர்.