கறுப்பு மணலும் சிறுவனின் வண்டியும்

விளையாட்டு வண்டி ஒன்றை மண்ணினின்றும் கல்லினின்றும் நீரினின்றும் காப்பது எவ்வாறு என்பது குடும்ப இதழில் எழுதத்தக்க பொருள்தானா என்று வாசகர் சிலர் புன்னகை புரியலாம். ஆனால், அவ்வண்டி கடல் கடந்து உழைக்கும் தந்தை ஒருவர் தம் மகனுக்கென அனுப்பியதாக இருப்பின், அதைக் காப்பது சிறிய காரியமாகாது. முட்டத்தில் அத்தகைய பொருள்களைப் போற்றி வைத்திருக்கும் வீடுகள் பல. நம் வீடும் அவற்றுள் ஒன்று.

நம் தமக்கையின் கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். ஊருக்கு வந்த நண்பரிடம் அவர் ஒரு வண்டி கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் ரிமோட் கார் என்று அழைக்கும், வானொலி அலையால் இயங்கும் வண்டி அது. இரண்டு நாள் கடற்கரையில் பறந்தது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. பாட்டி அதைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். "உன் அப்பா வரும்வரை பத்திரமாக இருக்கட்டும்" என்றார். அப்பா வருவதற்கோ ஓராண்டுக்கு மேல் இருந்தது. வெள்ளிதோறும் தொலைபேசியில், "வண்டி ஓடுகிறதா மக்களே?" என்று அவர் கேட்பார். "ஓடுகிறது" என்று சிறுவன் தாழ்ந்த குரலில் சொல்வான். ஒரு பொம்மையின் பொருட்டுக் குழந்தை பொய் சொல்லப் பழகுவதை நம்மால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

படகுகளின் அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரை வீட்டிற்கு அழைத்து வந்தோம். அவர் முதலில் மின்கலத்தைக் கழற்றினார். பின்பு திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிரட்டையில் இட்டு, அடிப்பாகத்தைத் திறந்தார். மோட்டாரின் காற்றுத் துளைகளைச் சுற்றிப் பூனை மீசைபோல் கறுப்பு மணல் சிலிர்த்து நின்றது!

இதன் காரணம் நம் கரையிலேயே இருக்கிறது. அண்டையிலுள்ள மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டு இருப்பதை 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் செருமானிய வேதியியலார் கண்டறிந்தார். அங்குள்ள அருமணல் ஆலை இல்மனைட்டு, கார்னெட்டு, சிர்கான் முதலிய தாதுக்களைப் பிரித்தெடுத்து வருகிறது. இல்மனைட்டு என்பது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கறுப்புத் தாது. காந்தம் அதை ஈர்க்கும் என்பதால், ஆலையில் காந்தத்தைக் கொண்டே அதைப் பிரிக்கிறார்கள். இன்னும் வலுவாக ஈர்க்கப்படும் மேக்னடைட்டுத் துகள்களும் கடல் மணலில் கலந்திருப்பதுண்டு. வண்டியின் மோட்டாருக்குள்ளும் காந்தம் உண்டு. ஆலை செய்யும் வேலையை அச்சிறு மோட்டார் தன் அழிவுக்கே செய்துகொண்டிருந்தது.

பெரியவர் உலர்ந்த தூரிகையால் மணலைத் தட்டினார்; சைக்கிள் பம்பினால் காற்றடித்தார். மோட்டாரின் துளைகளின்மேல் பழைய நைலான் காலுறைத் துண்டை இழுத்துக் கட்டினார். காற்று புகும், மணல் புகாது. பற்சக்கரங்களில் எண்ணெய் வழிய விடலாகாது என்றும் எச்சரித்தார். எண்ணெய்ப் பசையில் மணல் ஒட்டினால் அது அரம்போல் அராவும். சாதாரண வெள்ளை மணலும்கூடப் பித்தளையைவிடக் கடினமானது. அச்சில் சுற்றியிருந்த வலை நூலையும் வெட்டி எடுத்தார். கரையில் கிடக்கும் நைலான் நூல் சக்கரத்தில் சுற்றி இறுகினால், பேரிங்கின் மூடியை அறுத்துவிடும். வீட்டுக்குத் திரும்பியதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

கல்லின் தீங்கு வேறுவகைப்பட்டது. பயற்றளவான கல் இரு பற்சக்கரங்களுக்கிடையே சிக்கினால் போதும், பற்கள் முறிந்துவிடும். ஆதலின் பற்சக்கரத்திற்கு மூடி இன்றியமையாதது. சக்கரத்தின் பின்னே பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தொங்கவிட்டால் தெறிக்கும் கல்லைத் தடுக்கும். மேற்கூட்டின் உட்புறம் கொசுவலைத் துணியைப் பசையிட்டு ஒட்டினால், மோதும்போது விரிசல் பரவாது. எனினும், கல்லுக்கு முதற்காப்பு ஓட்டுபவரின் கண்ணே. 2012ஆம் ஆண்டு செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் அலுமினியச் சக்கரங்களைக் கூரிய பாறைகள் கிழித்தது 2013இல் தெரிய வந்தது. அதன்பின் கரடு குறைந்த வழிகளைத் தேடியே அதை ஓட்டலாயினர். 2023 ஆகஸ்டு 27 அன்று நிலவில் நம் பிரக்யான் ஊர்தி, 4 மீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்றை 3 மீட்டர் தொலைவிலேயே கண்டு, பூமியிலிருந்து சென்ற ஆணைப்படி வந்த வழியே திரும்பியது. திரும்பிச் செல்வதில் இழிவொன்றும் இல்லை என்பதைச் சிறுவர்க்கு இதைவிட நன்றாக எவ்வாறு உணர்த்துவது?

நீரைப் பற்றி முட்டத்தாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1980களில் இங்குள்ள படகு கட்டும் மையத்தில் ஒட்டுப்பலகைகளைக் கம்பியால் தைத்து, இணைப்புகளைக் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு அடைத்தனர். நீர் பெரும்பாலும் இணைப்பின் வழியேதான் உட்புகுகிறது. வண்டியிலும் மின்கம்பி நுழையும் துளையே வாயில். ஆணையை வாங்கும் சிறு பலகையை ஒரு பலூனுக்குள் இட்டு, அதன் வாயை இறுகக் கட்டுவது பழைய உபாயம். 1979இல் ஜப்பானியத் தாமியா நிறுவனம் வெளியிட்ட மணல்வெளி வண்டிகளில், இக்கருவிகளுக்கெனவே நீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது.

அப்படியானால் எல்லாவற்றையுமே மூடிவிடலாமே என்று பாட்டி கேட்டார். அங்கேதான் நுட்பம் இருக்கிறது. மோட்டாரும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகையும் ஓடும்போது சூடாகின்றன. காற்றே படாமல் அடைத்துவிட்டால், நீர் செய்யாத கேட்டை வெப்பம் செய்துவிடும். மூட வேண்டியதை மூட வேண்டும். மூச்சு விட வேண்டியதை விட்டுவிட வேண்டும்.

உப்புநீர் பட்டுவிட்டால் தாமதிக்கலாகாது. நன்னீர் பட்டு உலர்ந்த இடத்தில் பெரும்பாலும் ஒன்றுமே தங்காது. கடல்நீர் உலர்ந்தாலோ உப்பு தங்கி, ஈரக்காற்றை இழுத்துச் செம்பைப் பச்சை பூக்கச் செய்யும். எனவே உடனே மின்கலத்தைக் கழற்றி, நனைந்த பாகங்களை நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பேரிங்குகளுக்கு ஒரு துளி எண்ணெய் இட வேண்டும். லித்தியம் மின்கலம் உப்பிப் போயிருந்தாலோ கடல்நீரில் ஊறியிருந்தாலோ, அதை மீண்டும் மின்னேற்றவே கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. கரைக்கு வந்த எஞ்சினை நன்னீரால் கழுவாமல் உறங்கச் செல்லாத நம் மீனவர்க்கு இவ்வொழுங்கு இயல்பானதே. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டத்தில் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொள்வது நன்று.

அன்று மாலையே வண்டி ஓடிற்று. அடுத்த வெள்ளியன்று சிறுவன், வண்டி நின்றுபோனதையும், மணலின் மீசையையும், காலுறை கட்டியதையும் தந்தையிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சிரிப்பொலி கேட்டது.

பெற்றோரே, அலமாரியில் உறங்கும் பொருள் கெடாமலிருக்கலாம். ஆயினும் அனுப்பியவரின் அன்பும் அங்கே பூட்டியே கிடக்கிறது. பிள்ளையின் கையில் வண்டியைக் கொடுங்கள். கூடவே ஒரு தூரிகையையும், ஒரு குவளை நன்னீரையும், கழற்றிய ஆணிகளை இட்டுவைக்க ஒரு சிரட்டையையும் கொடுங்கள்.