ஹூஸ்டனில் தங்கிப்போன கதை

அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்கு, தங்கள் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் ஏற வாரண்ட் தேவையில்லை. ஏறலாம், திறக்கலாம், கேட்கலாம். ஃபோர்த் இன்ஜினியரான எனக்கும் இது தெரியும்.

என்ஜின் ரூம் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கும். செபரேட்டரில் ஓட்டி, 15 பிபிஎம்முக்குள் வந்தால்தான் கடலில் விடலாம் என்பது கப்பல் மாசைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் விதி. எங்கள் செபரேட்டரோ படுத்துவிட்டது. அட்லாண்டிக் நடுவே ஒரு ராத்திரி அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குழாய் மாட்டினோம். 'மேஜிக் பைப்' என்பார்கள் கப்பல்காரர்கள். செகண்ட் இன்ஜினியர் போல்ட் முடுக்கினார், நான் டார்ச் பிடித்தேன். செபரேட்டர் ஓடியதாக ஆயில் ரெக்கார்டு புக்கில் சீஃப் இன்ஜினியர் எழுதினார்.

ஹூஸ்டனுக்கு முன்னால் குழாயைக் கழற்றியாயிற்று. செகண்ட் தூத்துக்குடிக்காரர். "கேட்டா தெரியாதுன்னு சொல்லிரு தம்பி. நடுக்கடல்ல நடந்ததுக்கு இவன் என்ன பண்ணிருவான்?" எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எல்லோருக்கும் பொதுவான கடலில் நடந்ததைப் பெரும்பாலும் கப்பல் கொடியின் நாடுதான் கேட்க முடியும்; 1982 கடல் சட்ட ஒப்பந்தத்தைப் பரீட்சைக்குப் படித்தவனாயிற்றே!

ஏறியவர்கள் அதட்டவில்லை. டேங்க் சவுண்டிங், இன்சினரேட்டர் ஓடிய மணிக்கணக்கு எல்லாவற்றையும் ரெக்கார்டு புக்கோடு ஒத்துப்பார்த்தார்கள். ஒரு பெண் அதிகாரி மட்டும் செபரேட்டர் பக்கம் குனிந்து, பிளேஞ்சு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பச்சைப் பெயிண்ட். அந்த போல்ட் தலைகளில் மட்டும் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. கழற்றச் சொன்னார். உள்ளே விரலை விட்டு எடுத்தார். கையுறை கறுத்திருந்தது.

தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். அங்கே குழாய் ஏதாவது மாட்டினீர்களா? தெரியாது என்றேன். அந்தப் பெண் அதிகாரி எழுதிக்கொண்டார். கொஞ்சமும் அவசரப்படாமல் அதே கேள்வியை மறுபடி கேட்டார். தெரியாது. பிறகு ஒரு போட்டோவை என் பக்கம் திருப்பி வைத்தார். மங்கலான படம். குழாய். செகண்டின் முதுகு. டார்ச் பிடித்த ஒரு கை. மணிக்கட்டில், கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச். அதே வாட்ச் அப்போது மேஜைமேல், போட்டோவை ஒட்டி, என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. கையை மெல்ல மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டேன். அதையும் அவர் பார்த்தார்.

நடுக்கடலில் எண்ணெய் விட்டதற்கு வழக்கே இல்லை. பொய்யான ரெக்கார்டு புக்கோடு அவர்கள் துறைமுகத்துக்குள் வந்தது ஒரு குற்றம், அதிகாரியிடம் பொய் சொன்னது இன்னொன்று. வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம், அதற்கு உரிமை உண்டு என்றார் வக்கீல். அவரை நான் சந்தித்ததே அதற்கப்புறம்தான்.

கம்பெனி பிணைத்தொகை கட்ட, கப்பல் கிளம்பிவிட்டது. எல்லாவற்றையும் கக்கிய பிறகு என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் ஓட்டல் வாசம். கிளாஸ் டூ பரீட்சை தள்ளிப்போனது. அடுத்த கப்பலுக்குப் பேசிவைத்த இடமும் போனது. ஊரில் நான் அமெரிக்காவில் செட்டிலாகிவிட்டதாகப் பேச்சு. அம்மா மறுக்கவில்லை.

படம் எடுத்தவன் எங்கள் பிலிப்பினோ மோட்டார்மேன். அவனும் அதே ஓட்டலில்தான். தகவல் தந்தவருக்கு அபராதத்தில் பாதி வரை கொடுக்க அமெரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. காசுக்காகக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் காலை டிபன் சாப்பிடும்போது அவனே ஆரம்பித்தான். முதலில் என்னிடம் சொல்லத்தான் வந்தானாம். நான் சீஃபோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேனாம், திரும்பிப் போய்விட்டானாம்.