பாளையங்கோட்டையில் பேசும் கைகள்

திருநெல்வேலியிலிருந்து தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தால் பாளையங்கோட்டை. கல்லூரிகள் மலிந்த ஊர். நாம் நாடிச் சென்றதோ, ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியை. மரநிழலில் சிறுவர் கூடிப் பேசிக்கொண்டிருந்தனர். குரலொலி இல்லை, விரல்களும் புருவங்களும் ஓயவுமில்லை.

அக்காட்சியைக் கண்டிராவிடில், அன்று மாலை அவ்வூர் மருத்துவமனை ஒன்றில் கண்டது நமக்கு விளங்கியிராது. காய்ச்சலில் கிடந்த காது கேளாத சிறுமி ஒருத்தியின் வலக்கையில் குளுக்கோஸ் ஊசியை ஏற்றி, அட்டை வைத்துக் கட்டியிருந்தனர். பேசும் கையைக் கட்டிவிட்டால் 'வலிக்கிறது' என்று பிள்ளை எதைக்கொண்டு சொல்லும்? மிரண்டு அழுதாள்.

மாலைப் பணிக்கு வந்த மூத்த செவிலியர் ஊசியை இடக்கைக்கு மாற்றினார். வெளிச்சம் தம் முகத்தில் விழுமாறு எதிரே நின்று, முகக்கவசத்தை இறக்கி, நிதானமாக உதடசைத்துப் பேசினார். வெப்பமானியை முதலில் தாயின் அக்குளில் வைத்துக் காட்டினார். பார்வையற்ற பிள்ளையாயின் தொடுமுன் பெயர் சொல்லி அழைப்பாராம். கருவியைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் செய்வாராம். இதற்கெல்லாம் செலவென்ன? வலி, தண்ணீர், அம்மா, பயம் எனப் பத்துச் சைகைகளையேனும் செவிலியர் யாவருக்கும் கற்பித்தலாகாதா?

இரவு விளக்கை அணைக்கப் போனபோது சிறுமியின் வலக்கை விரைந்து அசைந்தது. "இருட்டினால் பேச முடியாதாம், அம்மா" என்றார் தாய். கட்டிலருகே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.