பட்டி டப்பாவைத் திறக்காமல்

போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப்புகளில் இன்ஜினை எப்படியாவது ஓட்டிவிடலாம். ஃப்ளோர் தகரம்தான் தாங்காது. சாரல், ஈரச் சாக்கு, சேறு அப்பிய கால்கள், எல்லாம் அதன் மேல்தான். மாமாவின் பழைய மகிந்திரா சிஜே3பி அந்த நிலையில்தான் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தது. டிங்கர் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், பட்டறையை மூடிவிட்டு மாலையில் வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டார். தான் சொல்லும்வரை பட்டி டப்பாவைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

முதலில் சின்னச் சுத்தியலைக் கையில் கொடுத்தார். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். அரித்த இடம் மொத்தையாக ஒலிக்கும். எங்கே பெயின்ட் கொப்பளித்திருக்கிறதோ அங்கே துரு உள்ளே எப்போதோ வேலையைத் தொடங்கிவிட்டது. இரும்பு துருவானால் பருத்துவிடும், அதுதான் பெயின்ட்டைத் தூக்குகிறது.

"மேல ஓட்டை சின்னதா இருக்குன்னு சந்தோஷப்படாத தம்பி. கீழ படுத்துப் பாரு."

படுத்துப் பார்த்தேன். ஃப்ளோருக்கு முட்டுக்கொடுக்கும் சட்டங்களுக்கும் தகரத்துக்கும் நடுவே மலைமண் இறுகிக் கிடந்தது. அது காயவே காயாது. மேலே விரலளவு ஓட்டை, கீழே முழ நீளத்துக்குச் சட்டமே பொரிந்திருந்தது.

வெட்டுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றினோம். டாங்கையும் இறக்கினோம், இந்த ஜீப்பில் அது டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. துரு நின்ற இடத்தோடு நிறுத்தாமல், பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டச் சொன்னார். கை தயங்கத்தான் செய்தது. காலண்டர் அட்டையில் அளவெடுத்து, 18 கேஜ் தகரத்தில், அதாவது சுமார் 1.2 மி.மீ. கனத்தில், ஒட்டு வெட்டினோம். மூலைகளை வளைத்துவிட வேண்டும். கூர்மூலை விட்டால் வண்டி குலுங்கும்போது அங்கிருந்துதான் விரிசல் விடும். மிச்சம் கிடந்த ஜிஐ தகரத்தை நான் எடுத்ததும் பிடுங்கிக்கொண்டார்: அதன் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சலே வந்துவிடுமாம்.

வெல்டிங்தான் நாள் பிடித்தது. சாதாரண ராடு வைத்தால் இந்தத் தகரம் பொத்துப்போகும் என்று வாடகைக்கு சிஓ2 மிஷின் எடுத்தோம். கோடாக இழுக்கவே கூடாது. இங்கே ஒரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு, வீல் நட்டை முடுக்குகிற மாதிரி. நடுவில் சூடு ஆறக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் தகரம் நெளிந்துகொள்ளும். அந்தக் காத்திருப்பில் அவர் குடித்த டீக்கு அம்மாதான் கணக்கு வைத்திருந்தாள்.

குழிகளில் ஒட்டிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமில மருந்து, தடவியதும் கறுத்தது. கழுவிக் காயவைத்து, எபாக்ஸி ப்ரைமர், இணைப்புகளில் சீலர், அடியில் கோட்டிங். பக்கத் தகரத்தில் மட்டும், அதுவும் ப்ரைமருக்கு மேல்தான், மெல்லிசாகப் பட்டி போட அனுமதி கிடைத்தது. பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் ஓட்டையைப் பட்டியால் அடைத்த வண்டிகள் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் கொப்பளிக்கின்றன.

வண்டி எடுக்க வந்த மாமா பழைய ரப்பர் மேட்டை விரிக்கப் போனார். அண்ணன் அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஃப்ளோரில் அடைபட்டிருந்த வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிட்டார். மக்கில் தண்ணீர் ஊற்றி, அது ஒழுகும் இடத்தை மாமாவைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.