குதிகால் அசைய இடம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரெவே என்னும் 200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டங்களுக்குக் கிளம்புகிறவர்களில் நானும் ஒருவன். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எனக்கு வயது 63. புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம், "சார், எந்த கிளிப்லெஸ் பெடல் காலை நல்லா இறுக்கிப் பிடிக்கும்?" என்று கேட்கிறார்கள். எது லேசாக விடும் என்று கேளுங்கப்பா என்பேன்.

ஷூவைப் பூட்டிக்கொள்ளும் அந்தப் பெடலை மாட்டிய முதல் வாரம் திருவான்மியூர் சிக்னலில் விழுந்தேன். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் ஷூ கழலும். அது தெரிந்திருந்தும், பழைய பழக்கத்தில் காலை மேலே இழுத்தேன். வரவில்லை. நின்ற வண்டியோடு அப்படியே சாய்ந்தேன். தூக்கிவிட வந்த பூக்கார அம்மா, இன்னும் மாட்டியிருந்த என் வலது காலைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், காலைக் கட்டிப்போட்டுக்கினா வண்டி ஓட்டுவாங்க?" என்றார்.

ஒரு காலத்தில் உண்மையாகவே கட்டித்தான் ஓட்டினார்கள். கால்விரலுக்கு ஒரு கூண்டு, அதைச் சுற்றித் தோல்வார். இறங்க வேண்டுமானால் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பூட்டு செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம், 1984இல் அந்த நுட்பத்தைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு வருடமே பந்தய வீரர் பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸை வென்றார். கூண்டு, அதாவது கிளிப், இல்லாததால்தான் கிளிப்லெஸ் என்ற பெயர். சறுக்குகிறவன் விழும்போது கால் முறியாமல் விட்டுவிடுவதற்காக வந்த பூட்டு அது. விடத் தெரிந்ததால்தான் அது பிடிக்கவும் தகுதி பெற்றது என்று எனக்குத் தோன்றும்.

விழுந்த காயம் நான்கு நாளில் ஆறிவிட்டது. முட்டி வலிதான் மாதக்கணக்கில் வாட்டியது. பெடலில் பூட்டிக்கொள்ள ஷூவின் அடியில் பொருத்தும் தகடுதான் கிளீட். துளியும் அசையாத கிளீட்டுதான் உறுதியானது என்று நம்பி, அதைப் போட்டுக்கொண்டு 300 கிலோமீட்டர் ஓட்டினேன். என் வலது பாதம் இயல்பாகவே கொஞ்சம் வெளியே பார்க்கும். நிமிடத்துக்கு 80 மிதி என்றால் மணிக்கு 4,800. பாதம் திரும்பக் கேட்ட ஒவ்வொரு முறையும் கிளீட் மறுக்க, அந்த முறுக்கையெல்லாம் முட்டி வாங்கிக்கொண்டது. ஷிமானோவின் ரோடு கிளீட்டுகளில் சிவப்புக்கு அசைவே கிடையாது, நீலத்துக்கு 2 டிகிரி, மஞ்சளுக்கு 6. அந்த ஆறு டிகிரியின் அருமை முட்டி வலித்தவனுக்குத்தான் தெரியும்.

அந்த நாட்களில் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த என் மகனுக்குத் தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்வேன். எடுக்காவிட்டால் மறுபடியும், மறுபடியும். ஒருநாள், "அப்பா, மூச்சு விடவே இடம் இல்லப்பா" என்றான். முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அழைப்பதை நிறுத்தினேன். மூன்று வாரம் மிகவும் கஷ்டமாக இருந்தது. இப்போது அவனே கூப்பிடுகிறான், நினைத்த நேரத்தில்.

இப்போது நான் போடுவது எஸ்பிடி என்னும் இரண்டு திருகு வகை. அதன் கிளீட் ஷூவின் அடியில் உள்ளடங்கி இருக்கும். கன்ட்ரோல் எனப்படும் சோதனை நிறுத்தத்தில் பிரெவே அட்டைக்கு முத்திரை வாங்க நடக்கலாம், டீக்கடையின் ஈரத் தரையிலும் வழுக்காது.

போன ஓட்டத்தில் மரக்காணம் டீக்கடையில் ஒரு பையன் காலைக் கழற்ற முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆலன் கீயை எடுத்து, பெடலின் ஸ்பிரிங் திருகை இடப்பக்கமாக நான்கு கிளிக் தளர்த்தினேன். "இப்ப குதிகாலைத் திருப்புப்பா." டக்கென்று கழன்றது. காலை ஊன்றிக்கொண்டு முதல் வேலையாக டீ சொன்னான்.