பழனிக்கு நடப்போர் கவனத்திற்கு

தைப்பூசத்தை முன்னிட்டுக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை புறப்படும் உத்தேசமுடைய நண்பர்கள், செல்பேசி வரைபடத்தை விரித்து, நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சமமாகப் பங்கிட்டுக்கொள்வதைக் காணும்போதெல்லாம், தூரத்தைக் காட்டிலும் நிழலும் நீரும் கழிப்பிடமுமே யாத்திரிகனுடைய தினசரியை நிர்ணயிக்கின்றன என்று சொல்லத் தோன்றுகிறது. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று செல்லும் அந்த மார்க்கத்தில், நகரத்தார் காவடியோடு நடப்போருக்குத் தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்ட தங்குமிடங்கள் உண்டு. தனிக் கோஷ்டியாகச் செல்வோரோ கல்யாண மண்டபங்களையும் கோயில் தாழ்வாரங்களையுமே நம்ப வேண்டியிருப்பதாலும், தை மாதம் முகூர்த்த மாதமாதலாலும், மண்டபக்காரரிடம் மார்கழியிலேயே பேசிவைப்பது உத்தமம்.

நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரே மூச்சில் கடந்துவிடலாம் என்பது உற்சாகத்தின் கணக்கு. குதிகால் கொப்புளம் அதை ஒப்புக்கொள்வதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணில் படும்படி சாலையின் வலப்புறமாக, பையின் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டு நடந்தால், தார் கொதிக்கத் தொடங்குமுன் அன்றைய நடையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். (வெறுங்காலோடு நடப்பது விரதமாயினும், உள்ளங்காலுக்கு விளக்கெண்ணெய் தடவுவதை எந்த விரதமும் தடுக்கவில்லை!) திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ஒட்டன்சத்திரம் அதில் பாதி வழி. பூசத்தன்று அடிவாரத்தில் அறை தேடுவது வீண் பிரயாசை. தரிசனம் முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுங்கள்.