கணக்கு வளர்ந்த வீடு

செட்டிநாடு பார்க்கப் போகிறவர்கள் காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று சுற்றிவிட்டு, பிள்ளையார்பட்டியில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில், கீழச்சிவல்பட்டி என்று சொல்லி இறங்குங்கள். (ஜோலார்பேட்டைப் பக்கத்துத் திருப்பத்தூர் அல்ல, இது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர்!) நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான இளையாத்தங்குடி அருகில்தான் இருக்கிறது. கவிஞர் கண்ணதாசன் 1927-ல் பிறந்த சிறுகூடல்பட்டியும் தூரமில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

ஊருக்குள் நுழைந்தால் வீடுகளைப் பார்த்துக் கழுத்து வலிக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே இருக்கலாம். பர்மாத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்க்காத பெண்மணி உண்டா? இத்தனையும் எதனால் வந்தது தெரியுமா? கணக்கினால்! பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இருந்த கடைகளுக்குச் சின்ன வயதிலேயே பையன்கள் பெட்டியடிப் பையன்களாகப் போனார்கள். பிறகு அடுத்தாள், அப்புறம் மேலாள். போவதற்கு முன்பே வாய்ப்பாடு மனப்பாடம். முந்திரி என்றால் உங்களுக்குப் பாயசம் ஞாபகம் வரும். அந்தப் பையன்களுக்கு அது 320-ல் ஒரு பங்கு!

அப்பேர்ப்பட்ட வீடு ஒன்றிலே, 2022 ஏப்ரலில், பின்னத்தைக் கண்டு ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்காரர்கள் பெண் அல்ல. அவர்கள் சென்னையில். இவள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் மகள், பத்தாம் வகுப்பு.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடினார்களே, அப்போது எட்டாவது படித்தவள். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் தேர்ச்சி என்று அறிவிப்பிலேயே போயிற்று. பாடம் கைபேசியில் வந்தது. கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போயிற்று. 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அடுப்படியில் இன்னும் இரண்டு மாதம். அந்த அக்டோபரில் அரசு ஆரம்பித்த ‘இல்லம் தேடிக் கல்வி’ எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். மே மாதம் பொதுத் தேர்வு.

“பாஸானா மேல படிக்கட்டும், ஆச்சி. இல்லேன்னா திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிடுறேன். கூட நாலு புள்ளைக போகுதுக” என்றார் தகப்பனார்.

ஆச்சி என்றது வீட்டுக்காரப் பெரிய ஆச்சியை. சென்னையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் காரியத்துக்கு வந்த இடத்தில் தங்கிவிட்டார். “இங்ஙன உக்காரு, ஆத்தா” என்று வளவில் பாயை விரித்தார்.

அவர் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. எங்கே கால் தடுக்குகிறது என்று முதலில் பார்த்தார். பத்தாம் வகுப்பில் அல்ல, ஏழாம் வகுப்புப் பின்னத்திலும் கழித்தல் குறியிலும் தடுக்கியது. ஒரு வாரம் அதுதான். பிறகு வினாத்தாளைப் பிரித்துப் போட்டார். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசிப் பகுதியில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று. எட்டும் எட்டும் 16. ஆக 30. தேர்ச்சிக்கு 35. இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்று சரியாகப் போட்டால் கரையேறலாம்!

“கோலம் போடுற கைதானே? புள்ளி வை” என்றார். தினம் ஒரு வரைபடம், ஒரு முக்கோணம். காலையில் புதுப் பாடம். மாலையில் நேற்றையதைப் பார்க்காமல் எழுதுவது. தப்பினால் திட்டு இல்லை. மறுநாள் அதே கணக்கு.

தகப்பனாரிடம் தனியாகச் சொன்னார்: “தவறினாலும் இந்த வருஷமே துணைத் தேர்வு இருக்கு. அதுக்குள்ள பஸ் ஏத்திடாதேப்பா.”

ஜூன் 20-ந் தேதி முடிவு வந்தது. கணக்கில் 47. பிரமாதமான மார்க்கு அல்லதான். ஆனால் திருப்பூர் பஸ் அவள் இல்லாமலே போயிற்று. பெண் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.

எட்டாவதோடு நின்றவர்கள் எல்லாரும் கண்ணதாசன் ஆகிவிடுவதில்லை. மற்றவர்களுக்கு அந்தப் பத்தாம் வகுப்புக் காகிதம் வேண்டியிருக்கிறது.

கீழச்சிவல்பட்டிக்குப் போனால் தேக்குத் தூணைத் தட்டிப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற அம்மாளுக்கும் ஒரு பெண் இருக்கக்கூடும், சகோதரிகளே. அவள் எந்த வகுப்பு, எந்தக் கணக்கில் நிற்கிறாள் என்று இன்றைக்கே கேளுங்கள். ஒரு பாய், ஒரு பென்சில், தினம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் செலவு.